தூண்டில் ரீலும் கடலுப்பும்

சொந்த ஊரைவிட்டுப் பிழைப்பின் பொருட்டு மும்பை, கோவா, கொச்சி, விசாகப்பட்டினம், போர்ட் பிளேர் முதலிய கடலோர ஊர்களில் குடியேறி வாழும் தமிழ் அன்பர்களில், தூண்டில் போடுவதை ஓய்வுநேர இன்பமாகக் கொண்டவர்கள் சிலர் உண்டு. விடுமுறை நாளின் விடியற்காலையில் கோலும் கையுமாகப் போய்ப் பாறையின்மீதோ, அலைதடுப்புச் சுவரின்மீதோ நின்றுவிடுவார்கள். மீன் அகப்பட்டால் வீட்டில் குழம்பு மணக்கும். அகப்படாவிட்டாலும், வாரம் முழுவதும் சேர்ந்த களைப்பு கடற்காற்றில் கரைந்துவிடும். பிறருக்குத் தொல்லை தராத நல்ல பொழுதுபோக்கு இது.

இதில் செலவு என்று சொல்லத்தக்கது பெரும்பாலும் ரீல் ஒன்றுதான். நரம்பைச் சுற்றி வைத்துக்கொண்டு, வீசும்போது விட்டுக்கொடுத்து, மீன் கடித்ததும் இழுத்துச் சுருட்டும் கருவி அது. நல்ல ரீல்கள் பலவற்றில் உடற்பகுதி, நரம்பு சுற்றும் உருளை, கைப்பிடி ஆகியவை அலுமினியக் கலப்பு உலோகத்தால் செய்யப்படுகின்றன. எடை குறைவு, உறுதி அதிகம் என்பதே காரணம்.

மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒருவர் இத்தகைய ரீல் ஒன்றை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மழைக்காலம் கழிவதற்குள் அதன் காலடியில் வெண்பொடி பூக்கிறது. வர்ணம் கொப்புளித்து உரிகிறது. திருகாணியைக் கழற்றப் போனால் அது அசைய மறுக்கிறது; பலங்கொண்டு திருப்பினால் தலை முறிந்துவிடுகிறது. உதிரிப் பாகம் எளிதில் கிடைப்பதில்லை. கடைசியில் அது பழைய சாமான் கடைக்குப் போய்ச் சேருகிறது. "கடல் தின்றுவிட்டது" என்று சொல்லி அவர் மனத்தைத் தேற்றிக்கொள்கிறார். தூண்டிலையே தொழிலாகக் கொண்டவருக்கோ இது மனத்தாங்கலோடு முடிகிற காரியமன்று. ரீல் இறுகிப்போன நாளில் அன்றைய வருமானமும் போயிற்று.

ஆனால் கடல் தின்றது என்பது முழு உண்மையாகாது. வாரத்தில் மூன்று நான்கு மணி நேரந்தான் ரீல் கடலருகே இருக்கிறது. எஞ்சிய நேரமெல்லாம் அது நம் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அரிப்பின் பெரும்பகுதி நடைபெறும் இடமும் அந்த அலமாரிதான். கடலிலிருந்து நாம் அறியாமல் வீட்டுக்குக் கொண்டுவரும் உப்பே அந்த வேலையைச் செய்கிறது. இது எவ்வாறு நிகழ்கிறது, இதனைக் குறைந்த செலவில் எவ்வாறு தடுக்கலாம் என்பவற்றை இங்கே காண்போம்.

அலுமினியத்தின் இயற்கைக் கவசம்

இரும்பு துருப்பிடிப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அலுமினியம் துருப்பிடிக்காத உலோகம் என்பது பொதுவான எண்ணம். விஞ்ஞானிகள் சொல்வதோ வேறு. பிராணவாயுவுடன் மிக விரைவாகச் சேரும் உலோகங்களுள் அலுமினியமும் ஒன்று. அலுமினியத்தை அரத்தால் தேய்த்துப் புதிய முகத்தைக் காற்றில் காட்டினால், அந்தக் கணமே பிராணவாயு அதன்மீது படிந்து ஒரு மெல்லிய ஆக்ஸைடுப் படலமாகிறது. இப்படலம் உலோகத்தை விடாமல் பற்றிக்கொள்வதால், மேற்கொண்டு காற்றும் நீரும் உள்ளே புக இடமில்லாமற் போகிறது. இரும்பின் துரு உதிர்ந்து உதிர்ந்து உள்ளிருக்கும் இரும்பை மேலும் மேலும் காட்டிக்கொடுக்கும். அலுமினியத்தின் படலம் உதிராமல் நின்று காக்கும். இதுவே இரண்டுக்கும் உள்ள வேற்றுமை.

இந்தப் படலம் எந்தப் பொருளால் ஆனதோ அதே பொருளின் படிக வடிவத்தைத்தான் குருந்தம் என்கிறோம். மாணிக்கமும் நீலமும் குருந்தத்தின் வகைகளே. ஆங்கிலேயர் இக்கல்லுக்கு வழங்கும் பெயர்கூட நம் 'குருந்தம்' என்னும் சொல்லிலிருந்து பிறந்தது என்பது மொழியறிஞர் கூற்று. அவ்வளவு கடினமான பொருள் கவசமாக இருந்தும் அலுமினியம் ஏன் கடலோரத்தில் அழிகிறது? கவசத்தின் கனம் மிகமிகக் குறைவு. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால், அவற்றுள் இரண்டு மூன்று கூறளவே அதன் கனம். அன்றியும் காரமோ அமிலமோ மிகுந்த இடத்தில் அது கரைந்துவிடும். உப்பு அதனைத் துளைத்துவிடும்.

உப்பு செய்யும் வேலை

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் கரைந்திருக்கின்றன. அரபிக் கடலில் இது சற்று அதிகம். பெரிய ஆறுகள் வந்து கலக்கும் வங்கக் கடலின் வடபகுதியில் சற்றுக் குறைவு. இவ்வுப்புக்களின் எடையில் பாதிக்கு மேற்பட்டது குளோரைடு. இந்தக் குளோரைடுதான் அலுமினியத்தின் பகைவன். கவசப் படலத்தில் எங்கேனும் ஒரு சிறு பலவீனம் இருந்தால், அங்கே புகுந்து அதனை உடைத்துவிடும். உடைந்த இடத்தில் உலோகம் கரையத் தொடங்குகிறது. கரைந்த உலோகம் நீருடன் சேரும்போது அந்தச் சிறு குழிக்குள் அமிலம் உண்டாகிறது. அமிலம் கவசம் மறுபடி உருவாவதைத் தடுக்கிறது. ஆகவே குழி ஆழமாகிறது. மேலே நாம் காணும் வெண்பொடி, கரைந்த அலுமினியம் வெளியே வந்து உறைந்த கழிவு. பொடி சிறிதாகத் தெரியலாம். அதன் அடியிலுள்ள குழி ஊசி குத்தியதுபோல் ஆழமாக இருக்கும்.

இந்த வேலை நடைபெற ஈரம் வேண்டும். "ரீலைத்தான் துடைத்துக் காயவைத்தேனே, ஈரம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்கலாம். இதற்கு விடை நம் சமையலறையிலேயே இருக்கிறது. மழைக்காலத்தில் கல்லுப்பு வைத்திருக்கும் ஜாடியில் நீர் கசிவதை நம் இல்லத்தரசிகள் நன்கு அறிவார்கள். யாரும் அதில் நீர் ஊற்றவில்லை. உப்பே காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டது. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75க்கு மேல் போகும்போது தூய உப்பும் இளகி நீராகிவிடும். கடலுப்பிலோ மக்னீஷியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது இன்னும் குறைந்த ஈரத்திலேயே நீரை இழுக்கும்.

கடலோர ஊர்களில் மழைக்காலம் முழுவதும், மற்ற மாதங்களிலும் பல இரவுகளில், காற்றின் ஈரப்பதம் 75ஐத் தாண்டுகிறது. ஆகவே துடைத்துக் காய்ந்ததாக நாம் நினைத்து அலமாரியில் வைத்த ரீல், இரவு தோறும் தன்மேல் ஒட்டியுள்ள உப்பினால் மறுபடி நனைகிறது, பகலில் காய்கிறது, மறுபடி நனைகிறது. துணியால் துடைப்பது நீரைத்தான் அகற்றும், உப்பை அகற்றாது. உப்பை அகற்ற வல்லது நன்னீர் ஒன்றே.

இரு உலோகங்கள் தொடும் இடம்

இன்னுமோர் ஆபத்து உண்டு. ரீலில் அலுமினியம் தனியாக இல்லை. திருகாணிகளும் அச்சும் எவர்சில்வர்; பல்சக்கரங்கள் பெரும்பாலும் பித்தளை அல்லது வேறு கலப்பு உலோகம். வெவ்வேறு உலோகங்கள் இரண்டு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புநீரில் நனைந்தால், அங்கே ஒரு சிறு மின்கலம் அமைந்துவிடுகிறது. இத்தாலிய விஞ்ஞானி வோல்டா 1800ஆம் ஆண்டில் முதல் மின்கலத்தை அமைத்தபோது செய்ததும் ஏறக்குறைய இதுவே. இருவகை உலோகத் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கி, இடையே உப்புநீரில் நனைத்த துணியை வைத்தார், மின்சாரம் பிறந்தது.

இத்தகைய இணைப்பில் ஓர் உலோகம் கரைந்து மற்றதைக் காக்கும். எது கரையும் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. கடல்நீரில் மக்னீஷியம், துத்தநாகம், அலுமினியம், இரும்பு, பித்தளை, எவர்சில்வர் என்று அவ்வரிசை செல்கிறது. முன்னே நிற்பது பின்னே நிற்பதற்காகத் தன்னைப் பலியிடுகிறது. 1824ஆம் ஆண்டில் ஆங்கில விஞ்ஞானி ஹம்ப்ரி டேவி, கப்பல்களின் அடியில் பொதித்த செப்புத் தகடு கடல்நீரில் அழியாதிருக்கத் துத்தநாகத்தையும் இரும்பையும் அதனுடன் பொருத்திக் காட்டியது இந்தத் தத்துவத்தைக் கொண்டுதான். கப்பலில் இது நன்மை. நம் ரீலிலோ பலியாவது அலுமினியம். எவர்சில்வர்த் திருகாணி பளபளவென்று இருக்க, அதைச் சுற்றியுள்ள அலுமினியம் மட்டும் பொடியாவதன் இரகசியம் இதுவே. திருகாணி இறுகிப்போவதும் இதனால்தான்: கரைந்த அலுமினியத்தின் வெண்கழிவு மரைகளின் இடையே புகுந்து கல்போல் அடைத்துக்கொள்கிறது.

பென்சில் கரியும் இந்த வரிசையில் எவர்சில்வருக்கும் பின்னே நிற்பது. ஆகவே கிராபைட் கலந்த கிரீஸை வெற்று அலுமினியத்தின்மேல் பூசலாகாது. பாகங்களுக்கு அடையாளம் இடவும் பென்சிலைப் பயன்படுத்தாமல் இருப்பது நன்று.

வீடு திரும்பியதும் செய்ய வேண்டுவன

இதுகாறும் கூறியவற்றிலிருந்து முதல் விதி தானே விளங்கும். உப்பை அன்றைக்கே கழுவிவிட வேண்டும். நாளை என்று ஒத்திப்போட்டால் உப்பு ஓர் இரவு முழுவதும் வேலை செய்துவிடும்.

கழுவும் முறையிலும் கவனம் தேவை. முதலில் ரீலைக் கோலிலிருந்து கழற்றிவிடுங்கள். ரீலின் காலடியும் கோலின் பிடியும் பொருந்தும் இடுக்கில் உப்புநீர் தங்கியிருக்கும். கழற்றாமல் கழுவினால் அது அங்கேயே நிற்கும். அடுத்து, 'டிராக்' எனப்படும் தடுப்புத் திருகை நன்றாக இறுக்குங்கள். உள்ளே உள்ள வாஷர்களுக்கு நீர் போகாமல் இருக்க இது உதவும். பின்னர் பூவாளியால் செடிக்கு நீர் விடுவதுபோல் மெல்ல நன்னீரை ஓடவிட்டு, மென்மையான பழைய பல்துலக்கும் பிரஷ்ஷினால் மூலை முடுக்குகளைத் தேய்த்துக் கழுவுங்கள். குழாயை முழு வேகத்தில் திறந்து பீய்ச்சினால் உப்பு வெளியே வருவதற்குப் பதிலாக உள்ளே போய்விடும். நீர் நிறைந்த வாளிக்குள் ரீலை மூழ்கடிப்பதும் தவறு.

எந்த நீர் என்பதும் முக்கியம். கடலோரக் குடியிருப்புக்கள் பலவற்றில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் உவர்ப்பாக இருக்கும். அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவியதாகும். ஐயம் இருந்தால் ஒரு கண்ணாடித் துண்டின்மேல் சில துளி நீரை விட்டு உலரவிட்டுப் பாருங்கள். கனத்த வெண்கறை படிந்தால் அந்நீரை விலக்கி, நகராட்சிக் குடிநீரைப் பயன்படுத்துங்கள். மழைநீர் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது வேறில்லை.

சோப்பு வேண்டுமானால் இலேசான சோப்பு நீர் போதும். சலவைச் சோடா, காஸ்டிக் சோடா, அடுப்புச் சாம்பல் ஆகியவை கூடவே கூடாது. இவை காரமானவை, கவசப் படலத்தையே கரைத்துவிடும். சலவைச் சோடா இட்ட சுடுநீரில் ஊறிய அலுமினியப் பாத்திரம் கறுத்து மங்கிப்போவதை வீட்டிலே கண்டிருப்பீர்கள்.

கழுவிய பின் ஈரத்தை உதறி, துணியால் ஒற்றி, நிழலில் காற்றோட்டமான இடத்தில் உலரவிட வேண்டும். உலர்ந்ததும் டிராக் திருகைத் தளர்த்திவிடுங்கள். இல்லையேல் உள்ளிருக்கும் வாஷர்கள் அழுந்தியே இருந்து பயனற்றுப் போகும். ஈரம் உலராத ரீலைப் பையிலிட்டு மூடிவைப்பது உப்போடு வைப்பதற்கு அடுத்த பெருந்தவறு.

எளிதில் மறக்கப்படும் இடம் ஒன்று உண்டு. அது நரம்பின் அடியில் உள்ள உருளை. தங்கூஸ் நரம்பானாலும் சரி, பின்னல் நரம்பானாலும் சரி, பல சுற்றுக்களுக்கு அடியில் உப்புநீர் தேங்கி நிற்கும். பின்னல் நரம்பு நீரை இன்னும் மிகுதியாக ஏந்திக்கொள்ளும். மேலே கழுவும் நீர் அடிவரை எட்டாது. ஆகவே ஆண்டுக்கு ஒரு முறையேனும் நரம்பு முழுவதையும் வேறோர் உருளைக்கு மாற்றி, வெற்று உருளையைக் கழுவி உலர்த்தி, மெழுகு பூசி, பிறகு நரம்பைச் சுற்றிக்கொள்வது நல்லது.

வெற்று அலுமினியத்திற்குப் போர்வை

கழுவுதல் முதற் காவல். ஆயினும் கீறல் விழுந்த இடம், வர்ணம் தேய்ந்த காலடி, திருகாணித் துளையின் உட்புறம், கடைசல் பட்டறையில் புதிதாகச் செய்துகொண்ட கைப்பிடி ஆகியவற்றில் உலோகம் போர்வையின்றி இருக்கும். இவற்றுக்கு இரண்டாங் காவலும் வேண்டும்.

எளியது மெழுகு. மோட்டார் வண்டிகளுக்குப் பூசும் நல்ல மெழுகை, நன்கு உலர்ந்த பாகத்தின்மேல் மெல்லியதாகப் பூசி, சற்று உலர்ந்ததும் துணியால் தேய்த்துவிட வேண்டும். நீர் அதன்மேல் தங்காமல் முத்து முத்தாக உருண்டோடும். இது நிரந்தரமன்று. நீர் உருண்டோடாமல் பரவத் தொடங்கினால் மறுபடி பூச வேண்டும் என்று அறியலாம். கை படாத உட்புறங்களுக்கு வாஸலைனோ, நீரில் கரையாத கிரீஸோ ஏற்றது. தெளிப்பு எண்ணெய்கள் சில நீரை விரட்டும். ஆனால் அவற்றின் படலம் மெல்லியது, விரைவில் போய்விடும். அவற்றையே முழுக் காவலாகக் கொள்ளக் கூடாது. வீட்டில் இருக்கிறதே என்று சமையல் எண்ணெயை எடுத்துப் பூசுவோரும் உண்டு. நல்லெண்ணெய் நாட்பட்டால் பிசின்போல் இறுகும். தேங்காய் எண்ணெய் குளிர்காலத்தில் உறையும். இரண்டுமே ரீலுக்கு ஆகா.

இரண்டு உலோகங்கள் தொடும் இடங்களை ஆண்டுக்கொரு முறை கவனியுங்கள். ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றி, மரையையும் துளையையும் துடைத்து, கிரீஸ் தடவித் திரும்பப் பொருத்துங்கள். உப்புநீர் நுழைய வேண்டிய இடத்தைக் கிரீஸ் நிரப்பிக்கொள்வதால் மின்கலம் அமைய வழியில்லை. இடம் இருந்தால் திருகாணித் தலைக்கு அடியில் ஒரு நைலான் வாஷர் இடலாம்.

வர்ணம் பூச விரும்புவோர்க்கு ஓர் எச்சரிக்கை. அலுமினியத்தின்மேல் நேராகப் பூசிய வர்ணம் நிலைக்காது. பாகத்தை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு அறவே நீக்கி, அன்றைக்கே எபாக்ஸி வகை அடிப்பூச்சு இட்டு, அதன்மேல் வர்ணம் பூச வேண்டும். அலுமினியத்திற்கு மட்டும் பூசி அருகிலுள்ள எவர்சில்வர்ப் பாகத்தை வெறுமனே விட்டால், வர்ணத்தில் விழும் சிறு கீறலிலேயே அரிப்பு முழுவதும் குவிந்து, அங்கே விரைவாகத் துளைத்துவிடும். இடம் கொடுக்குமானால் இரண்டுக்கும் சேர்த்துப் பூசுவதே அறிவுடைமை.

எல்லாவற்றிலும் நிலைத்த பயன் தருவது 'ஆனோடைஸ்' செய்தல். அலுமினியப் பாகத்தை அமிலத் தொட்டியில் தொங்கவிட்டு, மின்சாரம் செலுத்தி, இயற்கையான ஆக்ஸைடுப் படலத்தைச் செயற்கையாகத் தடிப்பாக்கும் முறை இது. 1923ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இம்முறை முதன்முதலில் தொழில்முறையாகக் கையாளப்பட்டது, கடல்நீரில் இறங்கி ஏறும் கடல்விமானங்களின் அலுமினியப் பாகங்களைக் காப்பதற்காகவே. அவ்விமானங்களுக்கு நேர்ந்த இடர்தான் இன்று நம் ரீலுக்கும் நேர்கிறது. இம்முறையில் 15 முதல் 25 மைக்ரான் கனமுள்ள படலம் கிடைக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு கூறு. இயற்கைப் படலத்தைப் போல் இது சில ஆயிரம் மடங்கு கனமானது. முடிவில் கொதிநீரில் இட்டு அதன் நுண்துளைகளை அடைக்க வேண்டும். இதனைச் செய்யாவிட்டால் உழைப்பு பாதியும் வீண். மின்சாரம் இப்படலத்தின் வழியே பாய்வதில்லையாதலால், எவர்சில்வரோடு தொடும் ஆபத்தும் குறைகிறது.

தொழிற்பேட்டைகள் உள்ள பெருநகரங்களில் ஆனோடைஸ் செய்யும் பட்டறைகள் உண்டு. பாகத்தைக் கொடுக்குமுன் மூன்று விஷயங்களை நினைவிற் கொள்ளுங்கள். துளையிடுதல், கடைதல், மரை வெட்டுதல் எல்லாம் முதலில் முடிந்திருக்க வேண்டும். பிறகு வெட்டினால் வெட்டிய இடம் மறுபடி வெற்று உலோகமே. படலத்தின் ஒரு பகுதி வெளிப்புறமாக வளர்வதால், பேரிங் பொருந்தும் துளை சற்று இறுகும். அதற்கு இடம் விட வேண்டும். வார்ப்பில் செய்த பாகங்களில் சிலிக்கான் மிகுந்திருப்பதால் படலம் திட்டுத் திட்டாகச் சாம்பல் நிறத்தில் அமையும். அவற்றுக்கு வர்ணப் பூச்சே பொருத்தம்.

புதிய பாகம் கடையச் சொல்லும்போது எந்த அலுமினியம் என்று கேட்டுக்கொள்வதும் அவசியம். 6061, 6082 என்ற எண்கள் கொண்ட வகைகள் மக்னீஷியமும் சிலிக்கானும் கலந்தவை, உப்பைத் தாங்கக்கூடியவை. 2014, 2024 என்ற எண்கள் கொண்டவை செம்பு கலந்தவை. வலிமையில் சிறந்தவையாயினும் உப்புக் காற்றில் எளிதில் அரிக்கப்படும். எண் தெரியாத பழைய உலோகத் துண்டைக் கடைந்து பொருத்துவது, பின்னால் வரும் தொல்லையை விலைகொடுத்து வாங்குவதாகும்.

அரிப்புத் தொடங்கிவிட்டால்

வெண்பொடி கண்டவுடன் மனம் தளர வேண்டியதில்லை. அதை அப்படியே மூடி வர்ணம் பூசுவதுதான் தவறு. மூடிய வர்ணத்தின் அடியில் உப்பு தன் வேலையைத் தொடரும். பாகத்தைத் தனியே கழற்றி, சோப்பு நீரில் நைலான் பிரஷ்ஷால் தேய்த்துப் பொடியை நீக்குங்கள். பிடிவாதமான பொடிக்கு, சம அளவு நீர் கலந்த வினிகரை ஒரு சில நிமிடம் தடவி வைத்து, பின்னர் நன்னீரில் பலமுறை அலசலாம். இரும்புக் கம்பளி, பித்தளைப் பிரஷ் இரண்டையும் தொட வேண்டாம். அவற்றின் நுண்ணிய துகள்கள் அலுமினியத்தில் பதிந்து, ஒவ்வொரு துகளும் ஒரு புதிய மின்கலமாகிவிடும். குழி வெறுமையாகி, உலோகம் சுத்தமாகத் தெரிந்த பிறகு உலர்த்தி மெழுகோ அடிப்பூச்சோ இடுங்கள்.

இறுகிய திருகாணியைப் பலாத்காரமாகத் திருப்ப வேண்டாம். ஊடுருவும் எண்ணெயை இட்டு ஓர் இரவு விட்டுவைத்து, துளைக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியால் சிறிது இறுக்கிப் பிறகு தளர்த்த முயலுங்கள். கோலைத் தாங்கும் காலடியில் ஆழ்ந்த குழியோ வெடிப்போ தென்பட்டால், அந்த ரீலைப் பெரிய மீனுக்குப் பயன்படுத்துவது தகாது. பளு ஏறும் தருணத்தில் அது முறிந்து கையைக் காயப்படுத்தலாம்.

மழைக்கால ஓய்வு

மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும், கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உள்ளது. மேற்குக் கரையில் அந்த இரண்டு மாதமும் கடல் கொந்தளிக்கும் காலம்; தூண்டிற்காரரும் கோலை ஓரத்தில் சாத்திவிடுவார்கள். காற்றில் ஈரம் உச்சத்தில் நிற்பதும் அப்பொழுதே. ஆண்டில் பத்து மாதம் உழைத்த ரீலை, ஓய்வு கொடுத்த இரண்டு மாதத்தில் இழப்பவர் பலர். ஆகையால் மழை தொடங்குமுன் ரீலைப் பிரித்துக் கழுவி, உலர்த்தி, கிரீஸும் மெழுகும் இட்டு வைத்துவிட வேண்டும். பாலிதீன் பை வேண்டாம். தோல் உறையும் வேண்டாம். இரண்டும் ஈரத்தைத் தேக்கும். துணிப்பையில் இட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றுடன் மூடியுள்ள டப்பாவில் வைக்கலாம். புதிதாகச் சுண்ணாம்பு அடித்து ஈரம் உலராத சுவர்ப் பிறையில் வைக்கலாகாது, சுண்ணாம்பும் காரமே.

டில்லி, நாகபுரி போன்ற உள்நாட்டு நகரங்களில் இருந்துகொண்டு விடுமுறையில் மட்டும் கடலுக்குச் செல்வோர், "இங்கே காற்று வறண்டது, பயமில்லை" என்று இருந்துவிடக் கூடாது. ஊர் திரும்பும் இரண்டு நாள் ரயில் பயணத்தில் ரீல் ஈரப் பைக்குள்ளே உப்போடு கிடக்கிறது. ஆடி ஆவணி மாதங்களில் அந்நகரங்களிலும் காற்றில் ஈரம் மிகும். புறப்படுமுன் தங்கும் விடுதியிலேயே ரீலைக் கழுவி உலர்த்திவிட்டால் கவலையில்லை.

உலோக அரிப்பைப் பற்றிய ஆராய்ச்சியில் நம் நாட்டின் முதன்மையான நிலையங்களுள் ஒன்று காரைக்குடியில் இருக்கிறது என்பது தமிழர்கள் அனைவரும் மகிழத்தக்க செய்தி. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அது. மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளை உப்புக் காற்றில் நிறுத்தி, எவ்வுலோகம் எவ்வளவு தேய்கிறது என்று அந்நிலையத்தார் அளந்து வந்திருக்கிறார்கள். கப்பலும் பாலமும் துறைமுகமும் நிலைத்திருப்பதற்கு வேண்டிய அறிவு அது.

அந்தப் பெரிய விஞ்ஞானத்தின் சாரத்தை நம் கையிலுள்ள சிறிய ரீலுக்குச் சுருக்கிச் சொன்னால் மூன்றே செயல்களில் அடங்கும். உப்பை அன்றைக்கே நன்னீரால் நீக்குங்கள். இரண்டு உலோகங்கள் தொடும் இடத்தில் கிரீஸால் இடைவெளி செய்யுங்கள். வெறுமையான அலுமினியத்தை மெழுகாலோ, பூச்சாலோ, ஆனோடைஸாலோ போர்த்துங்கள். இவற்றுள் முதலாவதற்கு ஒரு குவளை நீரும் பத்து நிமிடமுமே செலவு. அதைத் தவறாது செய்பவருக்கு மற்ற இரண்டும் துணை நிற்கும். அதைச் செய்யாதவருக்கு மற்ற இரண்டினாலும் பயன் சிறிதே. பிடித்த மீனைக் கழுவுமுன் ரீலைக் கழுவும் பழக்கத்தை வீட்டில் ஏற்படுத்திக்கொண்டால், பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் வாங்கிய கருவி பிள்ளைகள் வளர்ந்து கையில் எடுக்கும் காலம் வரையிலும் இனிது சுழலும்.